எழுபத்திரண்டு வோல்ட்டும் பசுவந்தனை லைனும்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம், வண்டிதான் சுமார். நீ புனேயில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். வண்டியில் வோல்டேஜைக் கூட்டினால் சூடு குறையும் என்கிறாய், அப்படியானால் போன ஐப்பசியில் வீட்டில் வோல்டேஜ் கூடினபோது நம் மிக்சி ஏன் கருகியது? கேட்டது அப்பா. நான் படித்தது விலங்கியல். போனில் கேட்டால் உடனே படம் வரைந்து அனுப்புவாய், அதனால்தான் கடிதம்.

மழைக்குக் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு, கடைகளுக்குப் போடும் கடலைமிட்டாய்ப் பெட்டிகளோடு அப்பாவின் எலக்ட்ரிக் வண்டி திணறியதல்லவா, மெக்கானிக் பூவனலிங்கம் "ஆம்ப்ஸை ஏத்திவிடுதேன் அண்ணாச்சி, யானை மாதிரி இழுக்கும்" என்று கரண்டை அதிகமாக விடும் பெரிய கன்ட்ரோலர் மாட்டினார். இழுத்தது. ஆனால் அந்தச் சூட்டில் வயர் இணைப்பு இளகி, அதன் மேலிருந்த பெட்டியில் மிட்டாயும் இளகிவிட்டது. பசுவந்தனையில் கடை வைத்திருக்கும் வெயிலுகந்தம்மாள் பெட்டியைத் திறந்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பாகாவே கொண்டாந்துட்டீயளே, நான் உருட்டிக்கிடணுமா? இன்னொரு தடவை இப்படின்னா வேன்ல கொண்டு வாரவன்கிட்டயே வாங்கிக்கிடுதேன்" என்றாராம். அவர் மாறினால் அந்த ஊர்க் கடைகள் எல்லாம் மாறும், அப்பாவுக்கு மிட்டாய் போடும் அந்த லைனே போய்விடும். அதிலிருந்து சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார்.

நீ அனுப்பிய மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் மாட்டியாயிற்று. அதே இழுவைக்கு வோல்டேஜ் கூடினால் கரண்ட் குறையும், வயரைச் சுட வைப்பது கரண்ட்தான் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்புக்கொண்டேன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அவற்றோடு வந்த மெலிந்த வயர்களைப் பார்த்த பூவனலிங்கம், "இதை வச்சி அரைஞாண் கட்டலாம், வண்டி ஓடாது" என்றார். ஊருக்குள் ஓடத்தான் செய்கிறது. ஆனால் கூடவே வந்த புது சார்ஜரில் எழுதியிருக்கும் எழுபத்திரண்டு வோல்ட்டைப் பார்த்து அப்பா பயந்து, பழைய நாற்பத்தெட்டு வோல்ட் சார்ஜரையே மாட்டியிருக்கிறார். முனை பொருந்துகிறது. "மெதுவா ஏறட்டும், புதுசுல்லா" என்றார். மாட்டியதுமே பச்சை விளக்கு எரிந்தது. "பாத்தியா, ரொம்பிட்டு" என்றார். நாளைக்குப் பசுவந்தனைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கான லோடு.

உங்கள் கம்பெனி வண்டியைச் சோதனைக்கு ஓட்டினாலும் ஹெல்மெட் போட்டுக்கொள். அப்பா உனக்காகத் திருநீறு எடுத்து வைத்திருக்கிறார், என் பங்குக்கு ஆசீர்வாதம் மட்டும். நன்றாக இரு.

அன்புடன்,
அம்மா சுகுணா

மறுநாள் மாலை: வண்டி ஏற்றத்திலும் கரிசல் பாதையிலும் திணறவில்லை. பசுவந்தனைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டதாக அப்பா போன் செய்தார். பழைய சார்ஜரால் இந்தப் பேட்டரிக்குள் எதுவுமே ஏறாது, பச்சை விளக்குக்கு அதுதான் அர்த்தம் என்று நீ போனில் சொன்னதும், புது சார்ஜரோடு பஸ் ஏறினேன். அதற்குள் அப்பா வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி வெயிலுகந்தம்மாள் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. வெயிலுகந்தம்மாள் பெட்டிகளைத் திறந்து மிட்டாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "மிட்டாய் கல்லு மாதிரி இருக்கு. வண்டியும் கல்லு மாதிரில்லா நிக்கி" என்றார். பிறகு, கொடை முடிவதற்குள் இன்னொரு லோடு வேண்டும் என்றார். புது சார்ஜரை அப்பாவே மாட்டினார், செருப்பைப் போட்டுக்கொண்டு. சார்ஜ் ஏறும் வரை நாங்கள் இருவரும் வெயிலுகந்தம்மாள் கடையிலேயே மிட்டாய் விற்றோம்.