ஒரே ஒரு சீசனுக்குத்தானாம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், ஆனால் போனில் நீ நல்லா இருக்கேம்மா என்று சொல்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பாதி நம்பிக்கைதான் வருகிறது. நன்றாக இருக்கிறவள் அதை அவ்வளவு அவசரமாகச் சொல்ல மாட்டாள். சமையலறைக் குழாய் பழையபடி ஒழுகுகிறது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பி முன்பைவிட ஜோராக ஒழுக வைத்திருக்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ சுலபமாகப் பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை வேறு கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடப் போகிறேன் என்கிறாள். அடுத்த சீசன் மட்டுமாம், ஒரே ஒரு சீசன், முடிந்த கையோடு திரும்பி வந்துவிடுவாளாம். அந்தக் கல்லூரி இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரம். இப்போது ஆடுகிற அணியின் கோச் சம்மதம் சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்களாம், அந்தக் கோச் நான்தான். வீட்டில் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். கெட்டிக்காரி, கல்லூரியில் என் அறைக்கு வந்து, கதவைத் தட்டி, மேடம் என்று கூப்பிட்டுக் கேட்டாள். திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். இது உனக்குப் புதுச் செய்தி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். போன மாதம் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பினாயே, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதற்கடி புது ஷூ? அக்கா தங்கைப் பாசம் என்று அப்பா உருகிப்போனார். கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனுஷருக்கு வீட்டில் நடப்பது மட்டும் தெரிவதில்லை. நான் அந்த அட்டைப்பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இந்த ஒரு சீசன் விருந்தாளிகள்தான். உனக்குத் தங்கை சொன்ன கதைதான் தெரிந்திருக்கும், என் பக்கத்தையும் கேள். என் பெண்கள் அணி தொடர்ந்து இரண்டு வருடம் கடைசி இடத்தில் வந்தது. இந்தத் தடவையும் அப்படியே ஆனால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் வண்டிகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். பிறகு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். வேறு கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருக்கிற இரண்டு பெண்களை ஒரு சீசனுக்கு மட்டும் இங்கே மாற்றிக்கொள்வதாம். பல்ப் ஃப்யூஸ் போனால் வேறு மாட்டுவதில்லையா மேடம் என்று கேட்டார். பல்புக்குப் பக்கத்தில் இன்னொரு பல்பு தன் முறைக்காக இரண்டு வருடம் காத்துக்கொண்டு நிற்காதே சார் என்றேன். நான் ஏதோ ஜோக் அடித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தார்.

வந்தவர்களில் ஒருத்திக்கு அப்பா பொட்டலம் என்று பெயர் வைத்தார். ஹாஸ்டலில் அவள் தன் பையைப் பிரிக்கவே இல்லை, தேவையானதை எடுத்துக்கொண்டு உடனே ஜிப்பை இழுத்து மூடிவிடுவாள். அலமாரி காலியாகவே கிடந்தது. இது நிற்காது என்று அப்பாவிடம் சொன்னேன், உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்றார். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் இதைவிட நல்ல இடம் கிடைத்தது என்று கிளம்பிவிட்டாள், வாசலில் நின்று எல்லோருக்கும் கைகூட ஆட்டினாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. நான் சொன்னது பலித்ததே என்று அப்பாவிடம் சொல்லிக் காட்டுவதிலேயே நேரம் சரியாகப் போய்விட்டது.

இன்னொருத்தி நின்றாள். அவளை எல்லோரும் நெட்டை என்பார்கள், கதவு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவாள். ஆட்டம் தெரிந்தவள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. அவளை உள்ளே எடுக்க வேண்டுமென்றால் ஐந்து பேரில் ஒருத்தியை உட்கார வைக்க வேண்டும். வேறு எவளை உட்கார வைத்தாலும் பெற்ற பெண்ணைக் காப்பாற்றிவிட்டாள் என்று பேசுவார்கள். அதனால் உன் தங்கையை உட்கார வைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அவள் என்னோடு பேசுவது, உப்பை எடு, விளக்கை அணை, அவ்வளவுதான். சாப்பிடும்போதுகூட என்னைப் பார்த்தபடி உட்காராமல் சுவரைப் பார்த்து உட்காருகிறாள்.

நீயும் என்னிடம் இரண்டு வருடம் ஆடியவள், என் அணியின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நம் பெண் ஒருத்தி விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவள் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் ஓட வேண்டும், விசில் அடித்தாலும் சரி அடிக்காவிட்டாலும் சரி. இதனால் சில பாயிண்ட் போகும், போகட்டும் என்றுதான் இத்தனை காலமும் இருந்தேன். மற்ற கோச்சுகள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் எனக்குத் தெரியும். நெட்டை ஆடிய முதல் ஆட்டத்தில் எங்கள் கேப்டன் பெண் வழுக்கி விழுந்தாள். நெட்டை அவளைத் தாண்டிக் குதித்துப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டாள். அந்தப் பந்தில்தான் இந்த சீசனின் முதல் வெற்றி. முதல்வருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அப்பா தான் உட்காருகிற குட்டி மெத்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். அந்த மெத்தை இல்லாமல் அவர் இப்போது ஆட்டம் பார்க்க வருவதில்லை, மைதானத்துப் படிக்கட்டு குளிர்ச்சியாம். நான் கைதட்டினேன், ஆனால் கேப்டன் தானாகவே எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். மறுநாள் பயிற்சியில் நெட்டையைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஓடணும் மேடம், விசில் அடித்த பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள். கொஞ்ச நாளில் மற்ற நாலு பேரும் அதையே கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் பார்க்கும்போது தூக்குவார்கள், நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஓடுவார்கள். நாங்கள் ஜெயிக்கவும் ஆரம்பித்தோம். எனக்கு அது பிடிக்கவும் பிடித்தது, பிடிக்காமலும் இருந்தது.

அப்புறம் போன சனிக்கிழமை ஆட்டம். நேரம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் சமமான பாயிண்ட். நெட்டை நம் பெஞ்சுக்கு எதிரே விழுந்தாள், கணுக்கால் மடங்கிவிட்டது. பந்து எதிரணியின் கைக்குப் போனது, ரெஃப்ரி விசில் அடிக்கவில்லை. நம் நாலு பேரும் அவள் சொல்லிக் கொடுத்தபடியே அவளைத் தாண்டி ஓடினார்கள், ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி நெட்டையின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் இருப்பவள் உள்ளே கால் வைத்தால் அது ஃபௌல் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, போட்டுவிட்டார்கள். ஒரு பாயிண்டில் தோற்றோம். கூட்டம் உன் தங்கையைப் பார்த்துக் கூச்சல் போட்டது. என் இடத்தைப் பிடித்தவள்தானே, கிடக்கட்டும் என்று அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருக்கவும் கூடும்.

உடை மாற்றுகிற அறையில் எல்லோரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று நான் கேட்டதற்கு உன் தங்கை வாரக்கணக்கில் இல்லாத அதிசயமாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ சொல்லிக் கொடுத்ததுதாம்மா. வேற எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

மேடம் என்று சொல்லவில்லை, கவனித்தாயா. எல்லோரும் போன பிறகு நெட்டையின் காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள். தோற்றதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன், இந்த முட்டாள் பெண்ணால் தோற்றோமே என்று ஆத்திரத்தில் அழுகிறாளோ என்றும் நினைத்தேன், என் புத்தி உனக்குத் தெரியாதா. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மூணு காலேஜுக்கு ஆடிட்டேன் மேடம். இதுவரைக்கும் யாரும் என்னைத் தூக்க வந்ததில்ல."

என் சம்மதத்தைத் தடுக்கவோ வாங்கவோ இவள் நாடகம் போடுகிறாளோ என்று ஒரு நிமிடம் பார்த்தேன், ஏனென்றால் அந்த ரயில் தூரத்துக் கல்லூரியின் கோச்சிடம் உன் தங்கையைப் பற்றிச் சொன்னதே இவள்தான். தன் இடத்துக்குப் போட்டி வேண்டாம் என்று ஆளை அப்புறப்படுத்தப் பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் சீசன் முடிந்ததும் அவளே போகப் போகிறவள், போகிறவளுக்கு எதற்குப் போட்டி? கூட்டிக் கழித்துப் பார்த்தேன், எந்த வழியிலும் கணக்கு உதைத்தது. கடைசியில் துணிக்கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது கேள். இப்படி ஒரு சீசனுக்கு வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களால் தோற்கிற அணிக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று முதல்வர் திங்கட்கிழமை மீட்டிங்கில் என்னைக் கேட்கப் போகிறார். உண்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நெட்டை இல்லாவிட்டால் நாங்கள் மறுபடி கடைசிதான், அணி கலைந்திருக்கும், மைதானத்தில் கார்கள் நின்றிருக்கும். இப்போது கடைசிக்கு முந்தைய இடம், பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனால் உயிர் இருக்கிறது. என் பெண்கள் வேகமாக ஓடவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வருடம் அவள் இடம் மறுபடி ஓட்டைதான். அந்த இடத்தில் வளர்ந்து நிற்க வேண்டியவள் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, வேறு ஊரின் ஓட்டையை அடைக்கக் கிளம்புகிறாள். அவள் போய் அங்கே எவளை பெஞ்சுக்கு அனுப்பப் போகிறாளோ. நான் இதைச் சொன்னால் முதல்வர் இன்னும் இரண்டு பேரைக் கொண்டு வரலாமே மேடம் என்பார். எனக்கு அவர் பதில் இப்போதே காதில் கேட்கிறது.

நேற்று அந்த வெளியூர் கோச்சுக்கு நானே போன் செய்தேன். நல்ல மனுஷிபோலத்தான் பேசினாள், எனக்கு அதிலேயே கொஞ்சம் உறுத்தல். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, என் பெண் விழுந்தால் உங்கள் ஊரில் யார் தூக்குவார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, எங்களிடம் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் மேடம், கவலை வேண்டாம் என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து முடியாது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, சனிக்கிழமை அத்தனை பேர் ஓடும்போது ஓடாதவள் ஒருத்தி இருந்தாளே, அவள்தானே போகிறாள் என்று தோன்றியது. அங்கே வழக்கம் இல்லையென்றால் இவள் போய் உண்டாக்கட்டும், ஃபௌல் வாங்கித் தொலைக்கட்டும். திங்கட்கிழமை சம்மதம் என்று சொல்லப் போகிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது, நீ முந்திக்கொண்டு போன் போட்டுச் சொல்லாதே, அதையாவது நானே சொல்கிறேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். ஒரு சீசன்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று சொல்லிவிட்டு, ஒழுகாத குழாயையும் போய்த் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னை ரயிலேற்றிய அன்றைக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நீயும் அந்த ஊர் லேபில் வேலை ஒரே ஒரு வருடம் என்று சொல்லித்தான் போனாய். அதனால் ஒரே ஒரு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் வருகிறது, அதற்கு என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. ஷூ நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பெரிது, சாக்ஸ் இரண்டு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்தபடி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது ஷூ விஷயத்தில் நீ சொல்லப்போகிற பொய்யை எழுதி இடத்தை வீணாக்காதே. போன குளிர்காலத்தில் படியில் விழுந்துவிட்டேன், ஒன்றுமில்லை, சின்ன அடிதான் என்று ஒரே வரியில் எழுதியிருந்தாயே, அன்றைக்கு உன்னைத் தூக்கியது யார் என்று மட்டும் எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா