கட்டைக்கடியில் ஒரு வேட்டைக்காரி

என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கடிதத்தில் மட்டும் புதிதாக எப்படி ஆரம்பிப்பது? தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லோரியை நீங்கள் மேட்டில் ஏற்றும்போது, சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக் காட்டிக் கீழேயிருந்து கூப்பிடுவேனே, அந்தக் குரலிலேயே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மழை நாள் நினைவிருக்கிறதா? ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து நம் பழைய காரில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, அறுத்து எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வழி முழுக்க நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "செல்விகிட்ட சொல்ல வேணாம் கமலா."

பினாங்கில் வேலை செய்யும் நம் ஒரே மகள். அவளிடம் எத்தனை நாளைக்கு மறைப்பது? கண்ணாடியில் ஓடிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரிங்காப் ஊருக்கு முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. காய்கறி லோரிகள் வரிசையாக நின்றன. பகல் நேரம்தான், ஆனால் பனிமூட்டமும் மழையும் சேர்ந்து பொழுது சாய்ந்த மாதிரி இருட்டியிருந்தது. நீங்கள் குடைகூட எடுக்காமல் இறங்கிக் காட்டோரமாக நடந்தீர்கள். தனியாக நின்று அழத்தான் போகிறீர்கள் என்று நினைத்துக் குடையோடு பின்னால் வந்தேன். நீங்கள் உளுத்துப்போன ஒரு மரக்கட்டைக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள்.

"சத்தம் போடாத. இங்க வந்து பாரு."

விரல் நீளத்துக்கு ஒரு புழு. குலா மெலாக்கா வெல்லத்தின் நிறம். வெல்வெட் துணியில் தைத்துப் போட்ட மாதிரி உடம்பு.

"அட்டைங்க. தள்ளி வாங்க," என்றேன்.

"அட்டைக்கு ஏது காலு? நல்லா பாரு லா."

பார்த்தேன். இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாகக் கொழுத்த கால்கள், குழந்தைக் கால் மாதிரி. தலையில் இரண்டு மீசை. மழைத்துளி அதன் மேல் விழுந்து, சேம்பிலையில் உருள்வதுபோல் உருண்டு போனது. தோல் நனையவே இல்லை.

கட்டை மேல் ஒரு சிள்வண்டு உட்கார்ந்திருந்தது. புழு அவசரப்படவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நெருங்கியது. மீசையால் சிள்வண்டைத் தொட்டது. தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நாம் தொட்டுப் பார்ப்போமே, அப்படி. சிள்வண்டுக்குத் தெரியவே இல்லை. புழு பின்வாங்கியது, மறுபடியும் தொட்டது. பிறகு தலையைத் தூக்கியது.

அதற்கப்புறம் நடந்தது கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளை நூல் பீய்ச்சியடித்தது. சிள்வண்டு துள்ளப் பார்த்தது, முடியவில்லை. வலை போட்ட மாதிரி கட்டையோடு ஒட்டிக்கிடந்தது. உதற உதறப் பசை இறுகியது. புழு அதைச் சுற்றி வந்து, தோல் மெல்லிசாக இருக்கும் மூட்டைத் தேடிக் கடித்தது. துடிப்பு அடங்கும்வரை, சிந்திய பசையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

நீங்கள் குந்தியபடியே சொன்னீர்கள்: "ஓடத் தெரியாது. ஓடு கிடையாது. உடம்பு பூரா மெத்து மெத்துன்னு. ஆனா பாரேன், இருக்கிறத வச்சே எப்படிப் பொழைக்குது."

காருக்குத் திரும்பியதும் போனைக் கேட்டு வாங்கிச் செல்வியைக் கூப்பிட்டீர்கள். புழுவின் காலையும் மீசையையும் வலையையும் ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். சின்ன வயதில் அவளுக்குக் கதை சொன்ன அதே குரல். "படம் எடுத்தீங்களாப்பா?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "மறந்துட்டேன்மா," என்று சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் அதே மூச்சில், "இன்னொன்னு சொல்லணும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரோம்," என்றீர்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள்.

ஏன் மனசு மாறியது என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "பேச ஆரம்பிச்சுட்டேன், நிறுத்த முடியல," என்றீர்கள். அவ்வளவுதானா காரணம்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செல்வி லீவு போட்டு வந்துவிட்டாள். உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெல்வெட் புழுவைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்துக் காட்டினாள். வலி கூடின நாளிலும், "அப்புறம்?" என்று கேட்பீர்கள். அதன் காலுக்குள் எலும்பு இல்லை, உடம்புத் தண்ணீரின் அழுத்தம்தான் காலை விறைப்பாக நிறுத்துகிறது என்று படித்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நம்ம லோரி பிரேக்கு மாதிரி," என்றீர்கள்.

பசையடிக்கும்போது அது தலையை ஆட்டுவதே இல்லையாம். பசை பாய்கிற வேகத்தில், அது வெளிவரும் குழாய் முனைகள் தாமாகவே ஆடுமாம், அதில்தான் வலை விழுகிறதாம். "வண்டி கழுவுற பைப்ப கைவிட்டா ஆடுமே, அதான்," என்று அதற்கும் உங்களிடம் விளக்கம் இருந்தது. பசைப் பை உடம்பின் நீளத்துக்கு ஓடுகிறது என்றும், வாய்க்குள் ஒளிந்திருக்கும் தாடை முன்னும் பின்னுமாக அறுக்கும் என்றும் வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். உங்கள் உடம்பை விசாரிக்க வந்தவர்கள் புழுவின் உடம்பைத் தெரிந்துகொண்டு போனார்கள். டாக்டர் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எங்களோடு இருந்தீர்கள். நான் அதை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பார்வதி மிளகாய்க் கன்று நட இடம் கேட்டாள். லயத்து வீடுகளுக்குப் பின்னால், காடு தொடங்கும் இடத்தை இருவரும் ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு பழைய கட்டையைச் சங்குல் மண்வெட்டியால் புரட்டினாள்.

"கமலாக்கா, அட்டைக் கூட்டம். இருங்க, உப்பு எடுத்துட்டு வரேன்."

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அட்டை இல்லடி. காலைப் பாரு."

பெரியது ஒன்று சுருண்டிருந்தது. அதன் பக்கத்தில் நூல்போல, வெளிறிப்போய், மூன்று நான்கு சின்னவை. ஒவ்வொன்றுக்கும் மீசை, ஒவ்வொன்றுக்கும் கால் வரிசை. உப்பெடுக்கப் போனவள் அப்படியே குந்திவிட்டாள். மூன்று பிள்ளை பெற்றவளாயிற்றே. "எல்லாம் முழுசா இருக்குக்கா," என்றாள் மெதுவாக.

செல்விக்குப் போன் போட்டேன். நம் நாட்டில் இருக்கிற இந்த வகை, முட்டையை வெளியே விடாதாம். பல மாதம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, முழுதாக வளர்ந்த குட்டியாகவே ஈனுமாம். "இத அப்பாவுக்குச் சொல்லாம விட்டுட்டேம்மா," என்றாள். அதனால்தான் இப்போது நான் சொல்கிறேன்.

மூச்சுவிடும் துளைகளை அதற்கு மூடத் தெரியாது, வெயில் பட்டால் காய்ந்து செத்துவிடும். ஆகவே பார்வதியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டையை இருந்தபடியே மெல்ல இறக்கி வைத்தோம். மிளகாயை அவள் வீட்டு முன்னாலேயே நட்டுக்கொண்டாள்.

நீங்கள் போனபிறகு, மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவேன். செல்விக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன். மழை விட்டதும் குடையோடு அந்தப் பக்கம் போய் நிற்பேன். கட்டையைப் புரட்ட மாட்டேன். அந்த வேட்டைக்காரி வெளியே வந்தால் பார்ப்பேன், வராவிட்டால் திரும்பி வந்து சுடச்சுடச் சோறாக்கி, உட்கார்ந்து சாப்பிடுவேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வியின் அம்மா,
கமலா