கோலுக்கு எட்டாத கோதுமை

மழை முறை தவறாதிருக்க. மண் மனம் கோணாதிருக்க. ஏழு சாரல்களுக்கும் கோமகனார் நெடுவேளாதரின் திருவுளப்படி, அமைச்சர் மாசாத்தர், கீழைச்சாரல் காவலர் எயினந்தையாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் ஆநிரையும் நலம் பெறுக. கையில் தீப்பந்தம் இருந்தால் முதலில் அதை அணையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உழத்தி பூதநங்கையின் கோதுமைப் பாத்தியை நாளைக் காலை கொளுத்தி, அவளையும் நாடு கடத்தத் தாங்கள் தீர்ப்பிட்டீர்கள். மன்னரின் இடுப்பளவான அரசகோலுக்கு எட்டாத பயிரை மரபுப்படி பிடுங்கி மாட்டுக்குப் போடாமல், தட்டி கட்டி மறைத்து வளர்த்தாள் என்பது குற்றம்.

உண்மைதான், வளர்த்தாள். பால் பிடிக்கும் பருவத்து மழையில் ஆண்டுதோறும் நெட்டைக் கோதுமை சாய்ந்து அழுகியதையும், அண்டை வீட்டார் விதைக்கு வைத்ததையே கஞ்சி காய்ச்சிக் குடித்ததையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாறையிடுக்கில் முழங்கால் உயரத்தில் நின்ற குட்டைக் கோதுமை ஒன்றைக் கண்டாள். நெட்டையின் பூவில் ஆண்தாதை முள்முனையால் களைந்துவிட்டு, குட்டையின் தாதைத் தூவினாள்.

முதல் ஆண்டு முளைத்தவை அத்தனையும் நெட்டை. கலியாணம் முடித்து வைத்தாயே அம்மா, மாப்பிள்ளை சாயல் ஒரு பிள்ளைக்குக்கூட இல்லையே என்று பயிரை அளக்க வந்த கோல்காரர் நகைத்தாராம். அவள் அந்தப் பயிரின் மணிகளையே மறுபடி விதைத்தாள். ஒளிந்திருந்த தகப்பன் பேரப்பிள்ளைகளில் வெளிப்பட்டான்: நானூறு பயிரில் தொண்ணூற்றேழு குட்டை.

சென்ற வார மழைக்குப் பின் அமைச்சர் நேரில் போய் எண்ணினார். நெட்டை முந்நூற்று மூன்றும் சேற்றில் படுத்திருந்தன. குட்டை அத்தனையும் கதிர் கனத்து நின்றன. சாய்ந்தவற்றிலும் பலவற்றுள் குட்டைக்குணம் பதுங்கியிருக்கிறது, ஆனால் குட்டைக்குப் பிறப்பது குட்டையே என்றாள் அவள். தன்னை எங்கு வேண்டுமானாலும் துரத்தட்டும், பாத்தியை மட்டும் விட்டுவிடட்டும் என்று வேண்டினாள்.

இப்படிப்பட்ட பயிர் முன்னும் தலைகாட்டியிருக்கும். மன்னருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணி, நம்மைக் காக்க வந்ததைத் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கி எறிந்தவர்கள் நாமேயன்றோ? தீர்ப்பை மாற்றும் உரிமை அமைச்சருக்கு இல்லாமையால், குதிரை நுரை தள்ள அரசவைக்கு விரைந்தார். தம் உயரத்துக்குக் கோதுமை சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்று கோமகனார் அருளினார்.

ஆகவே ஆணை: பூதநங்கை இந்நொடியே விடுவிக்கப்படுக. என்ன வேண்டும் என்று அமைச்சர் கேட்டதற்கு, மணி முற்றப் பதினோரு நாள் வேண்டும், அதுவரை எவரும் உள்ளே கால் வைக்காதிருந்தால் போதும் என்றாள். அப்பதினோரு நாளும் தங்கள் படை அந்தப் பாத்தியைச் சுற்றிக் காவல் நிற்க. அரசகோலேயாயினும் வெளியே நிற்க. கிளி இறங்கினால், எயினந்தையாரே, தாங்களே கை தட்டி ஓட்டுக, வரப்பில் நின்றபடியே.

இது கோவின் சொல். இரட்டைமலை முத்திரை இட்டது.