எழுந்து நடந்த பக்கம்

அன்பு மகள் செப்பியாவுக்கு, ரோமிலிருந்து அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே சுகம். நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டது, அத்திமரம் இந்த வருஷம் தாராளமாகக் காய்த்தது, நீ இல்லாமல் தின்ன ஆளில்லை. பேரனுக்குப் பல் முளைத்ததாக எழுதினாயே, மேலேயா கீழேயா என்று எழுதவில்லை, அம்மா இரண்டு நாளாக என்னைப் போட்டு அரிக்கிறாள்.

சிரியாவில் மாப்பிள்ளை அதிகாரியாக இருக்கும் படை தன் தளபதியையே பேரரசராக்கிவிட்ட செய்தி வந்து பத்து நாளாகிறது. மாப்பிள்ளையும் அவருக்குச் சத்தியம் செய்தாராம். அத்தனை வாளுக்கு நடுவில் வேறென்ன செய்வார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்குள்ள பேரரசர் எங்கள் செனட் சபையைக் கூட்டினார், சத்தியம் செய்த அதிகாரிகள் எல்லோரும் நாட்டின் பகைவர்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒப்புக்கொள்கிறவன் எழுந்து நடந்து அவர் பக்கம் போய் நிற்க வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். அம்மா காலையிலேயே என் வீங்கிய முழங்காலில் துணியைச் சுற்றி, "இந்தக் காலைச் சொல்லி எத்தனை விருந்துக்கு டிமிக்கி கொடுத்திருக்கீங்க, இன்னைக்கும் கொடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நானும் அசையாமல் உட்கார்ந்துவிடுவது என்றுதான் போனேன். வாசலில் காவல்படை நின்றது. என்னைச் சுற்றி இருக்கைகள் காலியாயின. நம் வீட்டில் பாதி நாள் சாப்பிடும் திரெமெல்லியுஸ் என் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து, "யோவ், எந்திரி, யார் உக்காந்திருக்கான்னு பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றான். அவன் இழுத்துப் போய்விட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அவன் கைதான் கொடுத்தான், எழுந்தது நான். வலிகூடத் தெரியவில்லை, அத்தனை பயம். அம்மா நான் சொன்னதை நம்பிக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று அரண்மனையிலிருந்து ஒருவர் வந்து, "மகளை ஊருக்கு வரச் சொல்லி எழுதுங்களேன், பேரனோட வந்தா எல்லாருக்கும் நல்லது" என்று தேனாகப் பேசினார். உங்கள் இருவரையும் பிடித்து வைத்து மாப்பிள்ளையை வளைக்கத்தான். அப்போதைக்குத் தட்டிக் கழித்தேன். நாளைக்கு எழுதிவிடுவேன் மகளே, என் தைரியம் எவ்வளவு என்று இப்போது உனக்கும் தெரியும்.

வீட்டுத் தெய்வங்கள் உங்கள் மூவரையும் காக்கட்டும். இதைப் படித்ததும் அடுப்பில் போடு. இனி என் கையெழுத்தில், என் முத்திரையோடு, அம்மா சாகக் கிடக்கிறாள் உடனே வா என்று வந்தால் நம்பாதே. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். அது ஒன்றுதான் நிஜம். அதற்காகவும் வராதே.

உன் அப்பா,
காயுஸ் செப்பியுஸ்