வாசலில் அடித்த பத்து நிமிடம்

வழவழப்பான அழைப்பிதழ் எரியும்போது வரும் கசப்பு வாடை என் சட்டையில் இன்னும் இருக்கிறது. துவைக்கப் போட்டிருக்கலாம். போடவில்லை. நேற்று ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் இந்த வருடத்து இசைவிழா தொடங்கியது. வழக்கம்போல நாங்கள் பறையோடு வாசலில். நீ மட்டும் மேடையில் இருந்தாய், மாப்ள. சட்டத்துக்குள், மாலையோடு.

அந்த வாடையைப் பழக்கிவிட்டவனே நீதான். மார்கழிப் பனியும் காவிரிக் காற்றும் சேர்ந்தால் பறைத்தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் சத்தம் எழும். நாம் முதன்முதலில் அந்த விழாவுக்கு அடிக்கப் போன அன்று, கொண்டுபோன வைக்கோல் நனைந்து கிடந்தது. நீ உள்ளே போய் மிஞ்சிய அழைப்பிதழ்களை ஒரு கட்டு அள்ளிவந்தாய். எரிப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்து முழுவதும் படித்தாய்.

"மைக் செட்டுக்காரர் பேரு இருக்கு. சாப்பாடு போடுறவர் பேரு இருக்கு. நம்ம குழு பேரத் தேடுறேன், காணோம்டா."

"பின்னாடி அட்டையில பாரு," என்றேன்.

"நகைக்கடை விளம்பரம் இருக்கு." நெருப்பில் போட்டாய். "சரி விடு. நமக்குப் படிக்கக் குடுக்கல, எரிக்கக் குடுத்திருக்காங்க."

அதற்குப் பிறகு நாம் வைக்கோல் கொண்டுபோகவே இல்லை.

போன வருடம் கேரளத்திலிருந்து வந்த செண்டை மேளம் மேடையேறியது. நாமோ சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து அடித்து அழைத்துவந்து, விழாக் குழுச் செயலாளர் கைகாட்டியதும் நிறுத்தினோம். விழா முடிந்ததும் நீ நேராக அவரிடம் போனாய்.

"சார், எங்களுக்கும் மேடையில கொஞ்ச நேரம் குடுங்க."

"மேடையா? ஹாலுக்குள்ள எதிரொலிக்கும்ப்பா. காது தாங்காது."

"செண்டைக்கு எதிரொலிக்கலயா சார்?"

சிரித்தார். "விவரமான ஆளுதான் நீ. அது வேற, இது வேற. சரி, அடுத்த வருஷம் பத்து நிமிஷம் ஒதுக்கிடலாம், போதுமா?"

என்ன வேறு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. சாவுக்கு அடிக்கிற கை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கைக்கு வாசல்வரை மரியாதை உண்டு; விருந்தினர் செருப்பைக் கழற்றுகிற இடம்வரை.

"நம்பாத," என்றேன்.

"நம்பலன்னா எதுக்குடா ப்ராக்டிஸ்?" என்றாய்.

எடமலைப்பட்டி புதூரில் உன் ஆட்டோவை நிறுத்துகிற காலி மனையில் அந்தப் பத்து நிமிட அடியைக் கட்டினாய். வேறு எந்த வேலைக்கும் அதை எடுக்கவிடவில்லை. முடிவை உனக்கென்று வைத்துக்கொண்டாய். நாங்கள் எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டும். பிறகு நீ ஒற்றை அடி அடிப்பாய். எவ்வளவு நேரம் இழுப்பாய் என்று யாருக்கும் தெரியாது. உன் தங்கை ரேவதி சிரிப்பை அடக்கமாட்டாமல், "சீக்கிரம் அடிண்ணே, கை வலிக்குது," என்பாள். "ஆடியன்ஸ் மூச்சு விடக் கூடாதுடி," என்பாய்.

பங்குனியில் பைபாஸில் ஒரு லாரி உன் ஆட்டோவை நசுக்கியது. உனக்கும் நாங்கள்தான் அடித்தோம். அன்றைக்கும் அந்த அடியை எடுக்கவில்லை.

இந்த வருடத்து அழைப்பிதழைச் செயலாளர் தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடைக்கே கொண்டுவந்தார். உன் பெயர் இருந்தது. மறைந்த பறையிசைக் கலைஞர், படத்திறப்பு, பத்து நிமிடம்.

"நாங்க எப்ப சார் மேடையேறணும்?"

"நீங்க எப்பவும்போல வாசல்ல வரவேற்பு குடுத்துடுங்க தம்பி. அவருக்குச் சொன்ன நேரத்த அவருக்கே குடுத்துட்டோம்ல."

அவர் கேலி செய்யவில்லை. பெரிய மனசோடு ஒரு காரியம் செய்துவிட்ட முகம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் கால் படக்கூடாத மேடையில் உன் படத்தை வைக்கிறார்கள். படத்துக்கு வியர்க்காது. அது எதிர்க்கேள்வி கேட்காது.

போக வேண்டாம் என்றேன். ரேவதி கேட்கவில்லை. "அவன் கட்டுனத அங்கதாண்ணே அடிக்கணும்," என்றாள்.

நேற்று மாலையும் தோல் தொய்ந்திருந்தது. அழைப்பிதழ்க் கட்டை வாசலில் வைத்துவிட்டு யாரும் பற்றவைக்காமல் நின்றோம். எல்லாவற்றிலும் உன் பெயர். ரேவதி என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினாள்.

"என்ன பாக்குறீங்க? அவன் இருந்தா மொதல்ல இதத்தான் எரிச்சிருப்பான்."

விருந்தினர் உள்ளே போனார். செயலாளர் கைகாட்டினார். நாங்கள் நிறுத்தவில்லை, உன் அடியை எடுத்தோம். உன் பறை என் தோளில் தொங்கியது. உள்ளிருந்து யாரோ கதவைச் சாத்தினார்கள். பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். ஆட்டோக்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் உன் படத்தைத் திறந்திருப்பார்கள்.

முடிவு வந்தது. எல்லோரும் சட்டென்று நிறுத்தினோம். அடுத்தது உன் அடி. உன் குச்சி என் கையில் இருந்தது. ரேவதி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். தெருவே காத்துக்கொண்டிருந்தது. யாரும் மூச்சு விடவில்லை, மாப்ள, நீ கேட்ட மாதிரியே.

குச்சியை இறக்கினேன். அந்த ஓர் அடி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அதைக் கதவுக்கு வெளியே அடிக்கமாட்டேன்.