பெருநாள் படத்தில் ஒரு கதிரை

கெலிஓயா

அன்பு மகன் இப்ஹாமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், நீயும் சுகம் என்றுதான் வாய் நிறையச் சொல்கிறாய், அதை நம்பியது என் பிழை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவாய் என்பதால், லீவு முடிந்து மாலைதீவுக்குத் திரும்பும் உன் கூட்டாளி ரிஸ்மியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ரிஸ்மி அங்கே எடுத்த பெருநாள் தொழுகைப் படங்களைக் காட்டினான். கிழவர்கள் கதிரை போட்டுத் தொழும் வரிசையில் ஒரு தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது, பார்த்தால் என் மகன். பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும் என்று உட்கார்ந்திருப்பான் என்றார் உன் வாப்பா. பள்ளிவாசலில் என்ன படமா ஓடுகிறது, மறைப்பதற்கு? பிறகு அவரும் தேத்தண்ணியைக் குடிக்காமலே கடைக்குப் போய்விட்டார். ரிஸ்மியை மிரட்டிக் கேட்டதில்தான் எல்லாம் வந்தது, ஒவ்வொரு மெட்சுக்கும் முன்னால் முழங்காலில் ஊசி, அதோடு இன்னும் இரண்டு வருடம் விளையாடக் கையெழுத்துப் போடப் போகிறாயாம். பேஷ். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர் உன் உயரத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார், பிறகு கொழும்பு, இலங்கை அணி, இப்போது சம்பளத்துக்கு விளையாடும் பெரிய மனிதர். அடியில்லாத கூடையில் பந்தைப் போட்டு, விழுந்ததை எடுத்து மறுபடி போடுவதற்குச் சம்பளம்! இரும்பு வளையத்தில் தொங்குகிற வீரனுக்கு நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லை. வாப்பா கடைக்குச் சீமெந்து ஏற்றும் பழைய லொறியில்கூடச் சத்தம் கேட்டால் கராஜுக்கு விடுகிறார், உன் மெனேஜருக்கு அந்த அறிவும் இல்லை. அந்த டொக்டர் ஊசி குத்த மட்டும்தான் படித்தார் போலிருக்கிறது. நீ வென்ற கப்புகள் அலுமாரி நிறைய நிற்கின்றன, தூசி துடைக்கிறவள் நான். பந்து விளையாடாவிட்டால் நான் யார் என்று ரிஸ்மியிடம் கேட்டாயாமே. நல்ல கேள்வி. இங்கே மேல்தட்டுச் சாமானை எடுத்துத் தர ஆளில்லாமல் நான் ஸ்டூலில் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடாதே, ஊசிக்கும் காலை நீட்டாதே, வீட்டுக்கு வா. பேராதனையில் முழங்கால் பார்க்கும் டொக்டரிடம் காட்ட வாப்பா நம்பர் எடுத்துவிட்டார். ரிஸ்மியைக் கோபிக்காதே.

ரப்பு உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். எனக்கு இருப்பது நீ ஒருவன். நாளைக்கு நான் கண்ணை மூடி மௌத்தானால், என்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க வேண்டியவனும் நீதான். உன் உயரத்துக்கு அது ஒரு பக்கம் சாயும், பார்த்து ஊர் சிரித்தாலும் பரவாயில்லை. கதிரையில் இருந்துகொண்டு தோள் கொடுக்க முடியாது, மகன்.

உன் உம்மா,
ரபீகா