பேசாப் படத்தின் ஓரத்தில் நின்றவள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் திரைத்துணிக்குக் கஞ்சி போட்டேன். கஞ்சி வாசம் கையில் ஏறியதும் உன் குரல் வந்துவிட்டது. "கஞ்சி போடலன்னா துணி சுருங்கும்டி, கதாநாயகிக்குக் கிழவி மூஞ்சி வந்துடும்." போன ஆடியில் நீ போன பிறகு இந்தத் துணி இன்றுதான் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் திரைப்படக் கழகத்தில் உன் நினைவாகத் திரையிடல். நீ விரும்பிப் போடும் அந்த மௌனப் படம்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் படம், ரவுடிக் கும்பலைப் பற்றி வந்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. வேலூரில் வரலாறு படித்தபோது நாம் இருவரும் ஒரே புத்தகத்தில் தலை முட்ட அதைப் பற்றி வாசித்தோம். அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் நாடக மேடையில் நிற்பதுபோலத் தள்ளியே நின்றார்கள். இதில் கேமரா ஏழைகளின் சந்துக்குள் இறங்கியது. கும்பல் சுவரை ஒட்டி நடந்து வரவர, தலைவனின் முகம் திரையையே நிறைத்துவிடும். பிறகு வந்த எத்தனையோ ரவுடிப் படங்களுக்கு அந்தச் சந்துதான் வாசல் என்று நான் குறிப்பெடுத்தேன். நீயோ வேறு ஒரு வரியில் நின்றுவிட்டாய்: பேசாப் பட நாள்களில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரையோரம் ஒருவர் நின்று கதை சொல்வாராம்.

ஆரணிக்குத் திரும்பியதும் நீயே அந்த ஆளானாய். தறிச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்த தொண்டை உனக்கு. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் திரைக்கு இடப்பக்கம் நிற்பாய்.

"அந்தத் தொப்பிக்காரன் யாருக்கா?" முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்பாள்.

"மாமூல் வாங்க வரான். நம்ம தெருவுக்கு வர்றதில்ல?"

"வருவான் வருவான், தீபாவளிக்கு!"

கூடமே சிரிக்கும். கும்பல் சுவரை ஒட்டி வரத் தொடங்கியதும் உன் குரல் இறங்கிவிடும். "சிரிக்காதீங்க. கிட்ட வந்துகினே கீறான் பாருங்க. ராத்திரி சோறு துன்னாத மூஞ்சி." அதற்குப் பிறகு ஒரு இருமல்கூடக் கேட்காது.

போன வாரக் கூட்டத்தில் செயலாளர் சொன்னார்: "மெட்ராஸ்லருந்து ஆளுங்க வராங்க மேடம். அந்தம்மா பேசினமாரி யாராவது பேசினா, அவங்களுக்குச் சந்தைக்கட சத்தமா இருக்கும். வயலின் மியூசிக் போட்டுடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், "அதான் டீசன்ட்டா இருக்கும் சார்" என்றும் சொன்னேன்.

உன் நினைவு நாளில் உன் குரல் வேண்டாம் என்று சொன்னது இந்த வாய்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து, சாப்பிடாமலே தட்டை மூடி வைத்தேன். அவருக்குப் பயந்து சொன்னேன் என்றால் அது பொய். நீ திரையோரம் நின்று கத்தும்போதெல்லாம் நான் ப்ரொஜெக்டர் மீது குனிந்துகொள்வேன். இவள் என் தோழி என்று வெளியூர்க்காரர்கள் கண்டுகொள்ளக் கூடாதே என்று. நீ கவனித்தாயோ என்னவோ. "இன்னாடி, தூங்கிட்டியா? வெளிச்சத்த சரி பண்ணு!" என்று அத்தனை பேர் முன்னால் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாய். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். எனக்கு முகம் எரியும். இப்போதும் எரிகிறது, ஆனால் உன்னை நினைத்து அல்ல.

மாடியில் துணி விறைப்பாகக் காய்ந்துவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை.

வயலின் இசை என் லேப்டாப்பில் இருக்கிறது. அதை ஓட்டப்போவதும் நான்தான். கும்பல் சுவரை ஒட்டி வரும்போது அதை நிறுத்திவிட்டு, திரைக்கு இடப்பக்கம் போய் நிற்கப்போகிறேன். உன் தொண்டை எனக்கு இல்லை, பின்வரிசைக்குக் கேட்காது. கேட்காதவர்கள் எழுந்து முன்னால் வரட்டும். செயலாளரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அந்த முகம் திரையை நிறைக்கும்போது நீ சொன்னதையே சொல்வேன். 'சாப்பிடாத' என்று திருத்த மாட்டேன். 'துன்னாத' என்றே சொல்வேன்.